ஊரை விட்டுப் போக என்ன வேண்டும்

செய்திகளைப் பார்த்தால் உலகமே மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டது போலத் தோன்றும். படகில் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பவர்கள், முள்கம்பி வேலி ஓரம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்பவர்கள், விமான நிலையத்தில் பெட்டிகளோடு வரிசையில் நிற்பவர்கள். ஆனால் ஐ.நா. கணக்குப்படி 2024இல் சொந்த நாட்டுக்கு வெளியே வாழ்ந்தவர்கள் சுமார் 30.4 கோடிப் பேர். பெரிய எண்தான். மொத்த உலக மக்கள்தொகையோடு வைத்துப் பார்த்தால் நூற்றுக்கு நான்கு பேர்கூட இல்லை. மீதி 96 பேர் பிறந்த நாட்டிலேயே இருக்கிறார்கள்.

இந்த 96 பேரைப் பற்றி யோசிக்கத் தொடங்கியதும் எனக்குக் கேள்வியே மாறிவிட்டது. மக்கள் ஏன் இடம்பெயர்கிறார்கள் என்று கேட்டால் எல்லோரிடமும் பதில் தயாராக இருக்கும்: வறுமை, வேலையின்மை, போர், பஞ்சம். எல்லாம் உண்மைதான். ஆனால் வறுமையும் வேலையின்மையும் எத்தனை கோடிப் பேரை வாட்டுகின்றன! அவர்களில் பெரும்பாலோர் ஏன் போகவில்லை? அடுத்தடுத்த இரண்டு வீடுகள். அதே அளவு நிலம், அதே கடன், அதே வயதில் பிள்ளைகள். ஒரு வீட்டிலிருந்து ஒருவர் கிளம்புகிறார். பக்கத்து வீட்டிலிருந்து யாரும் கிளம்பவில்லை. அந்த இரண்டு வீடுகளுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம் எது?

எனக்குக் கிடைத்த பதில் இதுதான். போகவேண்டும் என்ற எண்ணத்தைக் கஷ்டம் உண்டாக்கலாம். ஆனால் ஆளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது வழி. கையில் கொஞ்சம் பணம், போகிற இடத்தில் தெரிந்த ஒரு ஆள், உள்ளே விடச் சொல்லும் ஒரு காகிதம். இவற்றைத்தான் வழி என்கிறேன். யாருக்கு இதில் எவ்வளவு கிடைக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அவர் எவ்வளவு தூரம் போகிறார், எந்த வகை இடம்பெயர்ந்தவர் ஆகிறார் என்பதெல்லாம் அமைகிறது.

அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பஞ்சத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1845இல் தொடங்கி 1852 வரை நீண்டது. சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள். 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கப்பலேறினார்கள். பசி எல்லோரையும்தான் விரட்டியது. ஆனால் கப்பலேறியவர்கள் யார்? விற்பதற்கு ஏதோ கொஞ்சம் வைத்திருந்தவர்கள், முன்பே அமெரிக்கா போயிருந்த உறவினர் பயணத்துக்குப் பணம் அனுப்பியவர்கள், நிலத்தைக் காலி செய்வதற்காக நிலக்கிழார்களே செலவு செய்து அனுப்பி வைத்தவர்கள். இது எதுவும் இல்லாத பரம ஏழைகளில் பலர் ஊரிலேயே மடிந்தார்கள்.

இன்றைய உலக வரைபடமும் கிட்டத்தட்ட இதையே சொல்கிறது. அதிகம் பேரை வெளிநாட்டுக்கு அனுப்பும் நாடுகள் உலகிலேயே ஏழ்மையான நாடுகள் அல்ல. மெக்சிகோ, பிலிப்பைன்ஸ், இந்தியா மாதிரி நடுவில் இருப்பவைதான். வயிற்றுப்பாடு கொஞ்சம் தீர்ந்து, பிள்ளைகள் கொஞ்சம் படித்து, கையில் கொஞ்சம் சேர்ந்தபிறகுதான் தூரதேசம் என்ற யோசனையே வருகிறது. 'ஏழை நாடுகளுக்கு உதவி கொடுத்துவிட்டால் அவர்கள் இங்கே வரமாட்டார்கள்' என்று பணக்கார நாட்டு அரசியல்வாதிகள் பேசும்போது எனக்கு ஆயாசமாக இருக்கும். உதவி செய்யுங்கள், தாராளமாகச் செய்யுங்கள். அதற்கு இந்தக் கணக்கைக் காரணமாகச் சொல்லாதீர்கள்.

பள்ளிப் பாடத்தில் இதை 'தள்ளும் காரணிகள், இழுக்கும் காரணிகள்' என்று சுருக்கிவிடுவார்கள். ஊரில் வேலை இல்லாதது தள்ளுகிறது, நகரத்துச் சம்பளம் இழுக்கிறது. பரீட்சைக்கு இது போதும். ஆனால் இந்தப் பார்வைக்கு முறையான வடிவம் கொடுத்த மக்கள்தொகை ஆய்வாளர் எவரெட் லீ 1966இல் எழுதிய கட்டுரையில் நான்கு விஷயங்கள் இருந்தன. கிளம்பும் இடம், சேரும் இடம் இவற்றோடு, நடுவில் குறுக்கிடும் தடைகளையும் போகிறவரின் சொந்த நிலைமையையும் அவர் சேர்த்திருந்தார். பாடப்புத்தகம் முதல் இரண்டைப் பிடித்துக்கொண்டு மற்ற இரண்டைக் கைவிட்டுவிட்டது. அந்த இரண்டில்தான் சூட்சுமம் இருக்கிறது என்பது என் கருத்து.

அவருக்கு 80 வருஷத்துக்கு முன்பே ஒருவர் இதன் பக்கத்தில் வந்துவிட்டார். எர்ன்ஸ்ட் ராவன்ஸ்டைன். ஜெர்மனியில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய புவியியலாளர். பிரிட்டனின் 1871, 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளைப் புரட்டி 1885இல் 'இடம்பெயர்வின் விதிகள்' என்று ஒரு கட்டுரை வெளியிட்டார். பெரும்பாலானோர் கொஞ்ச தூரம்தான் போகிறார்கள். நகரம் வளர்ந்தால் பக்கத்து ஊர்க்காரர்கள் அங்கே போகிறார்கள். அவர்கள் விட்டுப்போன இடத்தைத் தள்ளியிருக்கும் ஊர்க்காரர்கள் நிரப்புகிறார்கள். இப்படிப் படிப்படியாக நகர்கிறது. ஒவ்வொரு போக்குக்கும் எதிராக ஒரு திரும்பி வரும் போக்கும் உண்டு. குறுகிய தூரத்தில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம் இடம்பெயர்கிறார்கள். விதி என்று சொல்லுமளவுக்கு இவை கறாரானவை அல்ல. ஆனாலும் இன்றைய உலகத்தைப் பார்த்துவிட்டு எழுதியது போலவே இருக்கின்றன.

கொஞ்ச தூரம் என்பது முக்கியம். ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் 2009ஆம் ஆண்டு அறிக்கை, சொந்த நாட்டுக்குள்ளேயே இடம்பெயர்ந்தவர்களைச் சுமார் 74 கோடி என்று மதிப்பிட்டது. எல்லை தாண்டியவர்களைவிடப் பல மடங்கு. இவர்களைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை, ஏனென்றால் பாஸ்போர்ட் தேவையில்லை, வேலி இல்லை, படம் எடுக்க ஒன்றும் இல்லை. ஆனால் நாட்டுக்குள்ளேயும் எல்லை போட முடியும். சீனாவில் 1958இலிருந்து குடும்பப் பதிவு முறை சட்டப்படி நடக்கிறது. பதிவு கிராமத்தில் இருந்தால், நகரத்துத் தொழிற்சாலையில் எத்தனை வருஷம் உழைத்தாலும் அங்கே பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பதும் மருத்துவச் சலுகை பெறுவதும் லேசில்லை. இப்போது எவ்வளவோ தளர்த்தியிருக்கிறார்கள். ஆனாலும் கோடிக்கணக்கான பிள்ளைகள் தாத்தா பாட்டியிடம் கிராமத்தில் வளர்கிறார்கள், பெற்றோர் வருஷத்துக்கு ஒருமுறை சந்திரப் புத்தாண்டுக்கு ரயிலேறி வருகிறார்கள். சொந்த நாட்டில் இருந்துகொண்டே வெளிநாட்டு வேலைக்காரர் மாதிரி வாழ்வது.

உள்நாட்டு இடம்பெயர்வில் என்னை மிகவும் நெகிழவைத்தது அமெரிக்கக் கறுப்பின மக்களுடையது. 1910 வாக்கில் தொடங்கி 1970 வரை சுமார் 60 லட்சம் பேர் தெற்கு மாநிலங்களை விட்டு வடக்கிற்கும் மேற்கிற்கும் போனார்கள். தெற்கில் பருத்தி வயல், குத்தகைக் கடன், நிறவெறிச் சட்டங்கள், கும்பல் கொலைகள். வடக்கில் முதல் உலகப் போரால் ஐரோப்பியத் தொழிலாளர் வரத்து நின்றுபோய் ஆலைகள் ஆளுக்குத் தவித்தன. தள்ளலும் இழுப்பும் தெளிவாக இருக்கின்றன, சரி. ஆனால் மிசிசிப்பியில் வயலில் நிற்பவருக்குச் சிகாகோவில் வேலை இருப்பது எப்படித் தெரியும்?

சிகாகோவில் 'சிகாகோ டிஃபெண்டர்' என்று கறுப்பினத்தவர் நடத்திய பத்திரிகை இருந்தது. தெற்கில் சில ஊர்களில் அதை வைத்திருந்தாலே ஆபத்து. ரயிலில் தூங்கும் பெட்டிகளில் வேலை பார்த்த கறுப்பினப் பணியாளர்கள் கட்டுக்கட்டாக அதை மறைத்துக் கொண்டுபோய்த் தெற்கில் இறக்கினார்கள். ஒரு பிரதியைப் பலர் படித்தார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு உரக்க வாசித்துக் காட்டினார்கள். வேலை விளம்பரம், ரயில் நேரம், முன்பே போனவர்களின் சங்கதி எல்லாம் அதில் இருந்தன. மிசிசிப்பியிலிருந்து நேராக வடக்கே போகும் ரயில் பாதை சிகாகோவில் முடிந்ததால் மிசிசிப்பிக்காரர்கள் சிகாகோ போனார்கள். கரோலினாக்காரர்கள் கிழக்குக் கரையோர ரயிலில் ஃபிலடெல்ஃபியாவுக்கும் நியூயார்க்குக்கும் போனார்கள். முதலில் போனவர் அண்ணனுக்குக் கடிதம் போட, அண்ணன் மச்சானைக் கூட்டிவர, ஒரு தெருவே பெயர்ந்துபோனது. இதைத்தான் சங்கிலி இடம்பெயர்வு என்கிறார்கள். ஒடுக்குமுறை அதற்கு முன்னும் பல தலைமுறைகளாக இருந்தது. புதிதாக வந்தது வழி.

முன்பு ஒரு கணக்கெடுப்பில் வீடு வீடாகக் கேள்வி கேட்கும் வேலை பார்த்தேன். படிவத்தில் 'இங்கு வந்ததற்கான காரணம்' என்று ஒரு கேள்வி. எதிரே கட்டங்கள்: வேலை, தொழில், படிப்பு, கல்யாணம், குடும்பத்தோடு வந்தது, மற்றவை. ஏதாவது ஒன்றில்தான் குறி போடலாம். ஒரு வீட்டு வாசலில் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்த பெண்மணியிடம், "எதுக்காக இந்த ஊருக்கு வந்தீங்கக்கா?" என்று கேட்டேன்.

"அவரு வந்தாரு, நானும் வந்தேன்" என்றார்.

குடும்பத்தோடு வந்தது என்று குறிப்பதற்குள் அவரே தொடர்ந்தார். "ஆனா அவரைக் கிளப்புனதே நான்தான் தம்பி." கிணறு வற்றிவிட்டது. வட்டிக்காரர் வாசலுக்கு வரத் தொடங்கிவிட்டார். கணவருக்கு ஊரை விட மனசில்லை. இவருடைய தங்கை முன்பே இங்கே ஒரு தையல் கம்பெனியில் வேலையில் இருந்தாள். அவள்தான் வீடு பார்த்துக் கொடுத்து, முன்பணமும் கட்டி, அக்காவுக்கும் வேலைக்குச் சொல்லிவைத்தாள். மகளை நல்ல பள்ளியில் சேர்க்கவேண்டும் என்ற எண்ணமும் இருந்தது. எல்லாம் சொல்லிவிட்டுப் படிவத்தை எட்டிப் பார்த்து, "இதுல ஒன்னுதான் போடணுமா?" என்று கேட்டார்.

வறட்சி, கடன், வேலை, படிப்பு, தங்கை. அவர் கதையில் எல்லாமே இருந்தது. படிவத்தில் ஒரு குறி விழுந்தது. பெண்களின் இடம்பெயர்வு இப்படித்தான் புள்ளிவிவரத்தில் காணாமல் போகிறது. இந்தியாவின் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இடம்பெயர்ந்தவர்களாகப் பதிவானோர் 45 கோடிக்கும் மேல். அதில் பெரும்பான்மை பெண்கள், அவர்களுக்குப் பதிவான காரணங்களில் முதலிடம் கல்யாணம். கல்யாணமாகி வந்தவர் அடுத்த மாதமே வேலைக்குப் போய் முப்பது வருஷம் உழைத்திருந்தாலும் அந்தக் கட்டம் மாறாது.

அந்த அக்காவின் கதையில் இன்னொன்றும் இருக்கிறது. முடிவு எடுத்தது குடும்பம். 1980களில் ஓடெட் ஸ்டார்க் போன்ற பொருளாதார அறிஞர்கள் இதைத்தான் அழுத்திச் சொன்னார்கள். ஒரு தனி ஆள் இங்கே எவ்வளவு கூலி, அங்கே எவ்வளவு கூலி என்று கணக்குப் போட்டுக் கிளம்புவதாகப் பழைய பொருளாதாரம் நினைத்தது. உண்மையில் ஒரு குடும்பம் தன் பிள்ளைகளில் ஒருவரை வெளியே அனுப்புகிறது, மற்றவர் நிலத்தைப் பார்த்துக்கொள்கிறார். மழை பொய்த்தால் அங்கிருந்து பணம் வரும், அங்கே வேலை போனால் இங்கே சோறு இருக்கும். பயிர்க் காப்பீடும் வங்கிக் கடனும் எட்டாத இடத்தில் வெளியூரில் இருக்கும் பிள்ளைதான் காப்பீடு. இப்படி உலகெங்கும் வீட்டுக்கு வரும் பணம் சின்னத் தொகை அல்ல. உலக வங்கியின் கணக்குப்படி 2023இல் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளுக்குச் சென்றது 65,000 கோடி டாலருக்கும் மேல். அரசுகள் தரும் வளர்ச்சி உதவியெல்லாம் இதற்குப் பக்கத்தில்கூட வராது.

பருவ வேலைக்குப் போய் வருகிறவர்கள், மந்தையோடு புல்வெளி தேடி மலையேறி இறங்கும் மேய்ப்பர்கள், படிக்கப் போகும் மாணவர்கள், ஓய்வுக்காலத்தை இதமான வெயிலில் கழிக்கப் போகும் முதியவர்கள் என்று வகைகள் நிறைய. அவை ஒவ்வொன்றையும் விளக்குவது என் நோக்கம் இல்லை. தற்காலிக வேலைக்குப் போகிறவர்களிடம் மட்டும் கொஞ்சம் நிற்கவேண்டும். அரசுகள் மீண்டும் மீண்டும் சறுக்கும் இடம் அது.

மேற்கு ஜெர்மனி 1961 அக்டோபரில் துருக்கியோடு தொழிலாளர் ஒப்பந்தம் போட்டது. வந்தவர்களுக்கு 'விருந்தாளித் தொழிலாளர்' என்று பெயர். இரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பவேண்டும், வேறு ஆள் வருவார் என்பது ஏற்பாடு. பழகிய ஆளை அனுப்பிவிட்டுப் புது ஆளுக்குக் கற்றுக்கொடுக்கத் தொழிற்சாலைகள் விரும்பவில்லை. 1964இல் அந்த நிபந்தனை கைவிடப்பட்டது. 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்ததும் ஆள் எடுப்பதையே நிறுத்தினார்கள். இனி எண்ணிக்கை குறையும் என்று எதிர்பார்த்தார்கள். நடந்தது நேர்மாறு. அதுவரை ஊருக்குப் போய்விட்டு வரலாம் என்று இருந்தவர்களுக்கு, போனால் திரும்ப வர முடியாது என்று புரிந்தது. போகாமல் தங்கினார்கள். தங்கினால் குடும்பம் வேண்டுமே. மனைவியையும் பிள்ளைகளையும் வரவழைத்தார்கள். 1973இல் 9 லட்சம் அளவில் இருந்த துருக்கியர் 1980இல் 14 லட்சத்தைத் தாண்டினார்கள்.

அமெரிக்கா மெக்சிகோ எல்லையிலும் இதேதான். 1942 முதல் 1964 வரை மெக்சிகோத் தொழிலாளர்களை ஒப்பந்தத்தில் அழைத்துவரும் 'பிராசெரோ' திட்டம் நடந்தது. அது முடிந்த பிறகும் அறுவடைக்கு வந்துவிட்டு ஊர் திரும்பும் வழக்கம், காகிதம் இல்லாமலேயே, தொடர்ந்தது. 1980களின் பிற்பகுதியிலிருந்து காவலை இறுக்கினார்கள். எல்லை தாண்ட ஆகும் செலவும் உயிராபத்தும் ஏறின. ஒருமுறை தாண்டியவர் இன்னொரு முறை அதைச் செய்யத் துணியாமல் அங்கேயே தங்கிவிட்டார். சமூகவியலாளர் டக்ளஸ் மாஸி பல வருஷ ஆய்வில் காட்டியது இதைத்தான். வேலி போட்டால் வருகிறவர்கள் மட்டும் தடைபடுவதில்லை, திரும்புகிறவர்களும் தடைபடுகிறார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் 'விருப்ப இடம்பெயர்வு' என்ற தலைப்பில் வரும். 'கட்டாய இடம்பெயர்வு' வேறு தலைப்பு. ஒரு முனையில் சந்தேகமே இல்லை. அட்லாண்டிக் கடல் வழியே சங்கிலியில் ஏற்றப்பட்ட சுமார் 1.25 கோடி ஆப்பிரிக்கர்கள். அவர்களில் கிட்டத்தட்ட 18 லட்சம் பேர் கரை சேரவே இல்லை. சிக்கல் அதற்கு அடுத்தபடியில் தொடங்குகிறது.

பிரிட்டிஷ் ஆட்சியில் 1834இல் அடிமைமுறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்கள் மொரீஷியஸுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அடுத்த எட்டு, ஒன்பது பத்தாண்டுகளில் கிட்டத்தட்ட 5 லட்சம் பேர் போர்ட் லூயிஸ் துறைமுகத்தில் இறங்கினார்கள். அவர்கள் ஏறிப்போன கல்படிகள் ஆப்ரவாசி காட் என்ற இடத்தில் இன்றும் இருக்கின்றன. 2006இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஏறியதும் ஒவ்வொருவருக்கும் ஓர் எண். பின்னாளில் புகைப்படம் ஒட்டிய சீட்டு; அதைக் கையோடு வைத்திருக்கவேண்டும், இல்லாமல் தோட்டத்துக்கு வெளியே பிடிபட்டால் தண்டனை. ஆனால் காகிதத்தில் ஒவ்வொருவரும் சம்மதித்து வந்தவர். அதிகாரி முன் நிறுத்தி, புரிந்ததா, சம்மதமா என்று கேட்டுக் கைநாட்டு வாங்கியிருப்பார்கள். பஞ்சத்தில் அடிபட்டு, ஆள் பிடிப்பவன் சொன்ன கதையை நம்பி, கடல் எவ்வளவு தூரம் என்றுகூடத் தெரியாமல் வைத்த கைநாட்டு. சிலருக்கு அது சாதிக் கொடுமையிலிருந்தும் கடனிலிருந்தும் தப்பிக்கக் கிடைத்த ஒரே கதவாகவும் இருந்தது. இதை எந்தத் தலைப்பில் வைப்பது? விருப்பம், கட்டாயம் என்று இரண்டு பெட்டிகளை மட்டும் வைத்துக்கொண்டு இந்த மனிதர்களுக்கு நியாயம் செய்ய முடியாது என்று உறுதியாக நம்புகிறேன்.

சட்டத்துக்கு இந்தச் சங்கடமெல்லாம் இல்லை. 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கை இனம், மதம், தேசியம், குறிப்பிட்ட சமூகக் குழுவைச் சேர்ந்தவராக இருப்பது, அரசியல் கருத்து ஆகிய ஐந்தில் ஒன்றால் துன்புறுத்தப்படும் அச்சம் இருந்து, நாட்டை விட்டு வெளியே இருந்தால்தான் அகதி என்கிறது. பசி அதில் இல்லை. வறட்சி இல்லை. எல்லையைத் தாண்டவேண்டும் என்பதையும் கவனியுங்கள். 2024 முடிவில் வன்முறையாலும் துன்புறுத்தலாலும் இடம்பெயர்ந்திருந்தவர்கள் சுமார் 12.3 கோடி என்று ஐ.நா. அகதிகள் ஆணையம் கணக்கிட்டது. அதில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் சொந்த நாட்டுக்குள்ளேயே சிதறியிருப்பவர்கள். எல்லை தாண்டிய அகதிகளிலும் மூன்றில் இரண்டு பங்குப் பேர் பக்கத்து நாட்டோடு நின்றுவிடுகிறார்கள். ஓடும்போதும் வழி எவ்வளவு தூரம் விடுகிறதோ அவ்வளவு தூரம்தான் ஓட முடியும்.

'அகதி என்கிறார், கையில் ஸ்மார்ட்போன் வைத்திருக்கிறாரே' என்ற பேச்சைக் கேட்கும்போது எனக்குக் கோபம் வரும். போரில் குண்டு, வீட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்தா விழுகிறது? அந்தப் போனில்தான் வழிகாட்டும் வரைபடம் இருக்கிறது, முன்னால் போன தம்பியின் எண் இருக்கிறது. அது இல்லாதவர் உங்கள் நாட்டு எல்லைவரை வந்தே இருக்கமாட்டார்.

பருவநிலை மாற்றத்தைப் பற்றிப் பேசும்போதும் இதை மனதில் வைத்துக்கொள்ளவேண்டும். 1930களில் அமெரிக்காவின் நடுச் சமவெளிகளைப் புழுதிப் புயல் மூடியபோது சுமார் 25 லட்சம் பேர் வெளியேறினார்கள். வறட்சி மட்டும் அவர்களைக் கிளப்பவில்லை. விலை வீழ்ச்சி, வங்கிக் கடன், குத்தகைதாரரைத் தேவையற்றவராக்கிய டிராக்டர் எல்லாம் சேர்ந்துகொண்டன. 2050க்குள் 21.6 கோடிப் பேர்வரை சொந்த நாட்டுக்குள் இடம்பெயர நேரலாம் என்று உலக வங்கி 2021இல் மதிப்பிட்டது. அந்த எண்ணைவிட என்னைக் கவலைப்பட வைப்பது அந்தக் கணக்கில் வராதவர்கள்: தண்ணீர் ஏறினாலும் கிணறு வற்றினாலும் கிளம்ப வசதியில்லாமல் அங்கேயே மாட்டிக்கொள்பவர்கள். பிரிட்டிஷ் அரசுக்காக 2011இல் தயாரான ஓர் அறிக்கை இவர்களைச் 'சிக்கிக்கொண்ட மக்கள்' என்றே தனியாகக் குறிப்பிட்டது. இவர்களுக்காக முகாம் போட மாட்டார்கள், ஏனென்றால் இவர்கள் எங்கும் வந்து நிற்பதில்லை.

நல்ல முன்மாதிரிகளும் இல்லாமல் இல்லை. ஃபிஜியில் வுனிடோகொலோவா என்ற கடலோரக் கிராமத்தில் கடல் வீடுகளுக்குள் வந்துகொண்டிருந்தது. 2014இல் ஊரோடு சுமார் 2 கிலோமீட்டர் உள்ளே மேட்டுக்குப் போனார்கள். கிராமத்துக்காரர்களுக்கே சொந்தமான நிலம் அங்கே இருந்ததும், அரசு வீடு கட்ட உதவியதும்தான் அதைச் சாத்தியமாக்கின. உறவு சிதறவில்லை, பக்கத்து வீட்டுக்காரர் பக்கத்திலேயே இருக்கிறார்.

மேடே இல்லாத நாடும் இருக்கிறது. துவாலு, சுமார் 11,000 பேர் வாழும் பவளத் தீவுகள். கடல்மட்டத்திலிருந்து சில மீட்டர்தான் உயரம். 2023இல் ஆஸ்திரேலியாவோடு ஓர் ஒப்பந்தம் போட்டது. வருஷத்துக்கு 280 பேர் குலுக்கல் முறையில் ஆஸ்திரேலியா போகலாம். வேலை பார்க்கலாம், படிக்கலாம், வேண்டும்போது தீவுக்குப் போய் வரலாம். முன்கூட்டியே வேலை கிடைத்திருக்கவேண்டும் என்ற நிபந்தனை இல்லை. 2025இல் முதல் குலுக்கலுக்குப் பதிவு தொடங்கியபோது சில நாட்களுக்குள்ளேயே நாட்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்கள் குடும்பத்தோடு பெயர் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் எல்லோரும் தீவை வெறுத்துவிட்டார்கள் என்று நான் நினைக்கவில்லை. பலர் போகாமலும் இருக்கலாம், போனவர்கள் திரும்பவும் வரலாம். ஒப்பந்தமும் அதற்கு இடம் வைத்திருக்கிறது. எனக்கு அதில் மிகவும் பிடித்தது அந்தப் பகுதிதான்.